1776: இரண்டு புல்தரைகள்

விளையாட்டுக் கழகங்களின் வரலாறு என்ற பெயரில் எழுதப்படுபவற்றுள் பெரும்பகுதி வரலாறே அல்ல என்பது என் கட்சி. நிறுவிய ஆண்டு, நிறுவியோர் பட்டியல், தலைவர்களின் வரிசை, வென்ற கோப்பைகள், வந்துபோன பிரமுகர்கள், கட்டடம் புதுப்பிக்கப்பட்ட நாள் ஆகியவற்றோடு ஏடு முடிந்துவிடுகிறது. இவற்றுள்ளும் முதலாவதற்கே மூச்சு முழுவதும் செலவாகிறது. எங்கள் கழகமே மூத்தது, எங்கள் மைதானமே முந்தியது என்று நிறுவிவிட்டால் எழுதியவருக்கு நிறைவு; படிப்பவருக்கும் பெருமை. முச்சங்கங்களுக்கு 4440, 3700, 1850 என்று ஆண்டுக் கணக்குச் சொன்ன இறையனார் அகப்பொருள் உரையைப் பாடமாகப் படித்து வளர்ந்த நமக்கு இந்த நோய் புதிதன்று. ஆனால் இது நமக்கு மட்டும் வந்த நோயும் அன்று.

நம் ஊர்க் கழகம் ஒன்றை எடுத்து இதை விவாதிக்கலாம். ஆனால் சாதியும் கட்சியும் சொந்தபந்தமும் குறுக்கே வந்து நின்று, பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஆகவே நமக்குப் பங்கும் பாகமும் இல்லாத ஓர் இடத்திற்குப் போவோம். இங்கிலாந்தின் லான் பௌல்ஸ் கழகங்களைப் போலப் பழமைப் பித்துப் பிடித்த கழகங்கள் உலகில் குறைவு. அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று சௌதாம்ப்டன் நகரத்தில் உள்ளது. மற்றது சசெக்ஸ் வட்டாரத்தின் சிற்றூரான லூயிஸில் உள்ளது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜாக் எனப்படும் சிறிய பந்து புல்தரையின் ஒரு கோடியில் நிற்கும். அதற்கு மிக நெருக்கமாகப் போய் நிற்கும்படி பெரிய உருண்டைகளை ஒருவர் மாற்றி ஒருவர் உருட்ட வேண்டும். கோலி ஆடியவர்களுக்குக் கணக்கு உடனே பிடிபடும். சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான்: அந்த உருண்டை முழு உருண்டை அன்று. அதன் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைப் போல் இராது. ஆகவே அது நேராக ஓடாது. வேகம் தணியத் தணிய ஒருபுறமாக வளைந்து செல்லும். இந்தச் சாய்வுக்கு ஆங்கிலத்தில் பயஸ் என்று பெயர். ஒருதலைச் சார்பு என்ற பொருளில் இன்று உலகமெங்கும் புழங்கும் அச்சொல் மனித மனத்திற்கு ஆகிவந்ததில் இந்த ஆட்டத்திற்குப் பெரும்பங்கு உண்டு. ஷேக்ஸ்பியர் தம் 'ஜான் அரசன்' நாடகத்தில் உலகத்தையே இப்படிப்பட்ட உருண்டையாகவும், சுயலாபத்தை அதை வளைக்கும் சாய்வாகவும் உருவகித்திருக்கிறார். கழக வரலாற்று ஏடுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த உருண்டை நினைவுக்கு வருகிறது. உருட்டும்போது நேராகத்தான் தெரியும். எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தால்தான் சாய்வு எந்தப் பக்கம் என்பது விளங்கும்.

*

சௌதாம்ப்டனின் பழைய பௌலிங் கிரீன், 1299 என்ற ஆண்டைத் தன் பெயரோடு சேர்த்தே சொல்லிக்கொள்வது. உலகின் மிகப் பழைய பௌல்ஸ் மைதானம் என்பது அதன் பெருமை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரில் தோன்றிய 'கடவுளின் இல்லம்' என்ற அறநிலையத்தின் தலைவருக்கு உரிய நிலமாக அது இருந்தது என்பது மரபுச் செய்தி. இதற்குப் போட்டியாகச் செஸ்டர்ஃபீல்டு கழகம் 1294 என்கிறது. ஐந்தாண்டு வித்தியாசம்!

இந்த ஆண்டுகளில் ஏதேனும் ஒன்றை ஒப்புக்கொள்வதனால் நமக்குத் தெரிய வருவது என்ன? ஒரு நிலம் இருந்தது என்பது தெரிகிறது. அதன்மேல் எதையோ யாரோ உருட்டியிருக்கலாம் என்றும் கொள்ளலாம். ஆனால் இன்று அங்கே ஆடப்படும் ஆட்டமும் அன்று ஆடப்பட்டதும் ஒன்றாக இருந்திருக்க இயலாது. இன்றைய ஆட்டத்திற்கு உயிர் சமமாக வெட்டப்பட்ட புல். புல்வெட்டும் பொறிக்கு எட்வின் பட்டிங் என்பவர் காப்புரிமை பெற்றது 1830-இல். அதற்கு முன்னர் அரிவாள்தான், ஆட்டுமந்தைதான். பல ஊர்களில் பலவாறாக இருந்த விதிகளைக் கிளாஸ்கோவைச் சேர்ந்த டபிள்யூ. டபிள்யூ. மிட்செல் ஒழுங்குபடுத்தி எழுதியது 1849-இல். இங்கிலாந்து முழுவதற்குமான சங்கம் ஒன்று உருவானது 1903-இல். கிரிக்கெட் மேதை டபிள்யூ. ஜி. கிரேஸ் அதன் முதல் தலைவர். உருண்டையைக் கடைவதற்குப் பேர்போன லிக்னம் விட்டே என்ற மரம், நீரில் போட்டால் மூழ்கிவிடுமளவு கனமானது. கரீபியக் கடல் பகுதியில் வளர்வது. கொலம்பஸ் அந்தத் தீவுகளைக் கண்டது 1492-இல். 1299-இல் எந்த ஆங்கிலேயன் கையிலும் அந்த மரம் இருந்திருக்க வழியில்லை.

புல்லும் விதியும் மரமும் வேறாகிவிட்ட பிறகு 1299-இலிருந்து தொடர்ந்து வருவது எது? நிலத்தின் எல்லை மட்டுமே. நில எல்லைக்கு உரிய ஏடு பத்திரம். அதை வரலாறு என்று விற்க வேண்டியதில்லை.

ஆயினும் கழக ஏடுகளுக்கு இது போதாது. ஒரு வீரனும் வேண்டும். பௌல்ஸ் பற்றிய எந்த நூலைத் திறந்தாலும் சர் ஃபிரான்சிஸ் டிரேக் வந்துவிடுவார். 1588-இல் ஸ்பெயினின் ஆர்மடா கப்பற்படை நெருங்கிவிட்டது என்று செய்தி வந்தபோது, பிளிமத் மேட்டில் ஆடிக்கொண்டிருந்த அவர், ஆட்டத்தை முடித்துவிட்டே ஸ்பானியர்களைக் கவனிக்கலாம் என்றாராம். தளபதிகள் பௌல்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்ற செய்தி அச்சில் தலைகாட்டுவது 1624-இல், ஒரு துண்டு வெளியீட்டில். டிரேக்கின் வாயில் அந்த வீரவசனம் வந்து அமர்வது 1736-இல், வால்டர் ராலேயின் வாழ்க்கை வரலாறு ஒன்றில். நிகழ்ச்சிக்கும் வசனத்துக்கும் இடையே 148 ஆண்டுகள். இருந்தும் இதைப் படம் வரைந்து மாட்டாத பௌல்ஸ் கழகம் அரிது.

*

டிரேக்கை மாட்டிய சுவரில் இடம்பெறாத ஒன்றைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

1541-இல் எட்டாம் ஹென்றியின் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மக்கள் வில்வித்தையை மறந்து வீண் ஆட்டங்களில் பொழுதைப் போக்குகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கைவினைஞர், உழவர், தொழில் பழகுவோர், கூலியாட்கள், மாலுமிகள், மீனவர், படகோட்டிகள், ஏவலாட்கள் ஆகியோர் கிறிஸ்துமஸ் காலம் நீங்கலாக வேறெப்போதும் பௌல்ஸ் முதலான ஆட்டங்களை ஆடக்கூடாது. கிறிஸ்துமஸிலும் முதலாளியின் வீட்டில், முதலாளியின் கண்ணெதிரில் மட்டும் ஆடலாம். தன் சொந்தத் தோட்டத்துக்கு வெளியே, திறந்த வெளியில் யார் பௌல்ஸ் ஆடினாலும் ஒவ்வொரு முறைக்கும் 6 ஷில்லிங் 8 பென்ஸ் அபராதம். ஆனால் ஆண்டுக்கு 100 பவுனோ அதற்கு மேலோ நில வருவாய் உள்ளவர்களுக்குச் சலுகை உண்டு. அவர்கள் தம் வளாகத்துக்குள் தம்மைச் சார்ந்தவர்கள் ஆடுவதற்கு அனுமதி தரலாம்.

இச்சட்டம் 1845 வரை ஏட்டில் இருந்தது. அதாவது 304 ஆண்டுகள்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு மறுபடியும் கழகங்களின் பெருமைப் பட்டியலைப் பாருங்கள். 1845-க்கு முன் பொதுவெளியில் இயங்கிய பௌல்ஸ் கழகம் ஒவ்வொன்றும், சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால், குற்றம் புரிந்தவர்களின் கூட்டம். ஆனால் அவற்றின் உறுப்பினர்கள் யாரும் தங்களைக் குற்றவாளிகளாக எண்ணியிருக்க மாட்டார்கள். நகரத்தில் செல்வாக்கு உள்ளவர்கள் ஆடும்போது சட்டம் ஏட்டில் உறங்கும். தொழில் பழகும் பையன் ஆடும்போது விழித்துக்கொள்ளும். விடியற்காலைப் பனி காயுமுன் குனிந்து புல் அறுத்தானே ஒரு கூலியாள், அவன் தான் அறுத்த அதே தரையில் நின்று ஓர் உருண்டையை உருட்டச் சட்டத்தில் இடமில்லை. 'பாரம்பரியம்' என்று மலர்களில் பூரிப்போடு எழுதப்படுவதன் மறுபக்கம் இது. எந்தக் கழகம் தன் சுவரில் 1541ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சட்டகமிட்டு மாட்டுமோ, அந்தக் கழகத்தின் வரலாற்றை நான் நம்பிப் படிப்பேன்.

*

இனி லூயிஸ்.

கோட்டையை ஒட்டி, ஈட்டிப்போர்க் களம் என்று பெயர் பெற்ற இடத்தில் அங்கே ஒரு புல்தரை. இன்றைய பௌல்ஸ் மைதானங்களைப் போல மேசைப்பலகையாக இழைத்த தரை அன்று. மேடும் பள்ளமும் உள்ளது. 18ஆம் நூற்றாண்டில் ஊரின் மனிதர்கள் அங்கே கூடி ஆடினார்கள், ஆடிய பின் குடித்தார்கள், குடித்தபடி பேசினார்கள். சௌதாம்ப்டனோடு பழமையில் போட்டியிட அதனால் இயலாது.

1768-இல் அந்த ஊருக்குச் சுங்கத் தீர்வை அதிகாரி ஒருவர் மாற்றலாகி வந்தார். வயது முப்பத்தொன்று. பெண்கள் இடையிறுக்கி அணியும் உள்கச்சு தைப்பது அவருடைய தந்தையின் தொழில். அவரும் அதையே பழகியவர். ஆண்டுச் சம்பளம் 50 பவுன். அதில் குதிரைக்கும் பயணத்துக்கும் போக, நாள் ஒன்றுக்கு மிஞ்சுவது 1 ஷில்லிங் ஒன்பதே கால் பென்ஸ்தான் என்று தம் சக ஊழியர்களுக்காக 1772-இல் ஒரு விண்ணப்பம் எழுதினார். நாடாளுமன்றம் அதைப் பொருட்படுத்தவில்லை. புகையிலைக் கடை ஒன்றையும் நடத்திப் பார்த்தார், அதுவும் நொடித்தது. 1774-இல் வேலையும் போயிற்று. வீட்டுப் பொருள்கள் ஏலம் போயின. மனைவியும் அவரும் பிரிந்தனர். பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பரிந்துரைக் கடிதம் ஒன்றோடு கப்பலேறி, அவ்வாண்டு இறுதியில் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார். அவர் பெயர் தாமஸ் பெயின்.

லூயிஸில் இருந்த ஆறு ஆண்டுகளில் அவர் அந்தப் புல்தரையில் ஆடியிருக்கிறார். ஒருநாள் ஆட்டம் முடிந்து எல்லோரும் பஞ்ச் என்னும் மதுவைப் பருகிக்கொண்டிருந்தபோது, உடன் ஆடிய வெரால் என்பவர் பிரஷ்ய மன்னன் ஃபிரெடரிக்கின் போர்களைப் பற்றிப் பேச்செடுத்தார். அரசன் என்றால் அவனல்லவா அரசன், அவனுக்குள் அவ்வளவு சாத்தான் இருக்கிறது என்பது போலப் புகழ்ந்தார். பெயினின் மனத்தில் அச்சொல் தைத்தது. அரசனாக இருப்பதற்கு அத்தனை சாத்தான் வேண்டியிருக்குமானால், அரசர்களே இல்லாமல் மனிதர்கள் நலமாக இருக்கலாமே என்ற எண்ணம் அப்போது எழுந்ததாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய நண்பர் ரிக்மன் 1819-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றின் வழியே இச்செய்தி நமக்குக் கிடைக்கிறது.

1776 ஜனவரி 10 அன்று பிலடெல்பியாவில் ஆசிரியர் பெயரில்லாமல் 'பொது அறிவு' என்ற சிறுநூல் வெளிவந்தது. பரம்பரை அரசாட்சி என்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாதது, அமெரிக்கக் குடியேற்றங்கள் அரசனை உதறித் தனியே நிற்க வேண்டும் என்று சாதாரண மனிதனின் மொழியில் அது வாதாடியது. ஆறு மாதத்தில், ஜூலை 4 அன்று, சுதந்திரப் பிரகடனம் வந்தது.

அதற்கடுத்த மாதம், அதாவது 1776 ஆகஸ்டில், சௌதாம்ப்டனின் பழைய பௌலிங் கிரீனில் ஒரு போட்டி தொடங்கியது. 'பழைய பசுந்தரையின் வீரத்திருப்பட்டம்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். முன்னாள் வெற்றியாளர்கள் வால்கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து நடுவர்களாக நிற்பார்கள். யார் முதலில் ஏழு புள்ளி எடுக்கிறாரோ அவர் பட்டம் சூட்டப்படுவார். அதன்பின் அந்தப் புல்தரையில் அவரை 'சர்' என்றே அழைக்க வேண்டும். ஒருமுறை வென்றவர் மறுமுறை போட்டியிட முடியாது. பட்டம் பெற்றவர்களின் வரிசையில் சேர்ந்துவிடுவார்.

ஒரே ஆண்டு; ஒரே நாடு பெற்ற இரண்டு புல்தரைகள். ஒன்றில் கச்சு தைப்பவரின் மகன் ஒருவர் அரசனே வேண்டாம் என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டு கடல் கடந்தார்; அந்த எண்ணம் அச்சேறியது 1776-இல். மற்றதில் அதே 1776-இல் அரசன் தராத பட்டங்களைத் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளும் சடங்கைக் கண்டுபிடித்தார்கள். பழமையில் எது மூத்தது என்ற கேள்வி இந்த இடத்தில் எவ்வளவு அற்பமாகிப் போகிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். உலகத்துக்கு லூயிஸ் புல்தரை தந்ததில் சிறு துகளையும் சௌதாம்ப்டனின் 1299 தரவில்லை.

இன்னும் ஒன்று. 1541-இன் சட்டம் அப்போது நடைமுறை ஏட்டில் இருந்தது. கைவினைஞர் பௌல்ஸ் ஆடலாகாது என்றது அச்சட்டம். கைவினை பழகி வளர்ந்தவர் பெயின். திறந்த வெளியில் ஆடுகிறவர் யாராயினும் குற்றமே என்றது. லூயிஸில் அவர்கள் ஆடியதும் திறந்த வெளியில்தான். சட்டத்தை அதன் எழுத்துப்படி யாராவது நடத்தியிருந்தால் அந்த மாலைப்பொழுதே இல்லை.

*

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன்.

முதல் மறுப்பு: டிரேக்கின் கதையை நம்ப மறுக்கும் நீ பெயினின் கதையை மட்டும் எப்படி நம்புகிறாய்? நியாயமான கேள்வி. எனது விடை, இரண்டும் ஒரே தரத்துச் சான்றுகள் அல்ல என்பது. டிரேக்கின் வசனத்தை எழுதியவர் டிரேக் இறந்து 140 ஆண்டுகள் கழித்து எழுதினார். ரிக்மன் லூயிஸ்காரர், பெயினை அறிந்தவர். 'மனிதனின் உரிமைகள்' நூலின் இரண்டாம் பகுதி உருவான காலத்தில் பெயின் தங்கியிருந்தது லண்டனில் ரிக்மனின் வீட்டில். அங்கே பெயின் எழுதிய மேசையில் ரிக்மன் பித்தளைத் தகடு பதித்துப் பாதுகாத்தார். அது இன்று மான்செஸ்டரில் மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நண்பர் என்பதனால் அவரிடமும் சாய்வு இருக்கும், மறுக்கவில்லை. ஒரு மனிதர் தம் எண்ணத்தின் பிறப்பைப் பின்னாளில் நினைவுகூரும்போது கொஞ்சம் அழகுபடுத்தியே நினைவுகூர்வார், அதையும் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையின் ருசி வேறு. டிரேக்கின் கதை வீரனை இன்னும் வீரனாக்குகிறது. பெயினின் கதையிலோ மூல வாக்கியத்தைச் சொன்னவர் அவர் அல்லர். எதிரில் அமர்ந்து குடித்த வெரால். தம் எண்ணத்துக்கு முதல் பொறி இன்னொருவரின் அசட்டுப் புகழ்ச்சியிலிருந்து வந்தது என்று ஒருவர் சொல்லும்போது, அதை நம்புவதற்கு எனக்குத் தடையில்லை.

இரண்டாம் மறுப்பு இன்னும் கூர்மையானது. சௌதாம்ப்டன் பட்டம் வெறும் கேலியாக இருந்திருக்கலாமே? பிறப்பால் வரும் பட்டத்தை ஏழு புள்ளிகளால் பெறலாம் என்று காட்டுவது பட்டத்தைப் பரிகசிப்பது ஆகாதா? அரசனின் வாளுக்குப் பதில் ஆட்டக்காரர்களே ஒருவரை ஒருவர் 'சர்' என்று அழைத்துக்கொள்வதில் ஒரு குறும்பு இல்லையா? இருந்திருக்கலாம். முதல் ஆண்டில் அது குறும்பாகவே பிறந்திருந்தால் அந்த மனிதர்களுக்கு என் வணக்கம். ஆனால் ஒரு கேலியை உயரத் தொப்பி அணிந்து, தவறாமல், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நடத்திக்கொண்டிருந்தால் அது கேலியாக நீடிக்காது. சிரிப்பு எப்போதோ உதிர்ந்துபோய்ச் சடங்கு மட்டும் நிற்கும். கோயில் திருவிழாக்களில் ஏசலும் வசையும் நாளடைவில் 'மரியாதை'யாக மாறி, அதற்கு முதல் உரிமை யாருக்கு என்று வழக்கு நடப்பதைப் பார்த்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் மறுப்பு நம் இலக்கியவாதிகளிடமிருந்தே வரும். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள் வெள்ளுடை அணிந்து உருண்டை உருட்டும் கழகங்களைப் பற்றி நமக்கு எதற்கு இவ்வளவு பேச்சு? இக்கேள்வியில் ஒரு சோம்பல் இருக்கிறது. கழகம் என்ற அமைப்பை இங்கிலாந்திலிருந்து நாம் பெற்றிருக்கிறோம். அதன் கதவோடும் காவலாளியோடும் சேர்த்துப் பெற்றிருக்கிறோம். சென்னையில் மெட்ராஸ் கிளப் 1832-இல் நிறுவப்பட்டபோது அது ஐரோப்பியர்களுக்கானது. நாடு விடுதலை அடைந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் அந்தக் கதவு திறக்கவில்லை. ஆங்கிலேயர் போய்விட்டார்கள், விதிப் புத்தகம் தங்கிவிட்டது. 2014 ஜூலையில், வேட்டி அணிந்து வந்தார் என்பதற்காக உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனைச் சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே, வேட்டிக்குத் தடை விதிப்பதைக் குற்றமாக்கிச் சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. வேட்டி கட்டியவனை வெளியே நிறுத்திய விதியும் கூலியாளைப் புல்தரைக்கு வெளியே நிறுத்திய 1541-இன் சட்டமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். தாயாதியின் முகத்தைப் பார்க்காமல் இந்தப் பிள்ளையின் முகச்சாயலை அறிய முடியாது.

ஆனால் அந்தச் சட்டத்தின்போதும் நம்மிடையே நடந்த பேச்சைக் கவனியுங்கள். வேட்டி தமிழரின் தொன்மையான உடை, ஆகவே அதைத் தடுக்கலாகாது என்றே பெரும்பாலோர் வாதிட்டார்கள். மறுபடியும் பழமை! வேட்டி நேற்று வந்த உடையாக இருந்தால் அதைக் கட்டியவனை வெளியே தள்ளலாமா? அன்றாடம் லுங்கி கட்டி உழைப்பவனுக்கு எந்தக் கதவு திறந்தது? பழமையை வாதமாக வைத்த இடத்திலெல்லாம் நீதி பின்வரிசைக்குப் போய்விடுகிறது என்பதற்கு இதைவிட அருகில் ஒரு சான்று வேண்டியதில்லை.

*

கதவுக்கு வெளியே நின்றவர்களுள் பெண்களைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒரு விழா மலர்தான் எழுதியவனாவேன். ஆண்களின் ஆங்கிலச் சங்கம் 1903-இல் தோன்றியது என்றேன். பெண்களுக்கான சங்கம் 1931-இல்தான் வந்தது, அதுவும் தனியாக. இரண்டும் ஒன்றாயின, 2008-இல். ஒரே புல், ஒரே உருண்டை, ஒரே விதி. ஒரு சங்கத்தில் அமர்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது. சௌதாம்ப்டனுக்கு 1299 என்று எண்ணத் தெரிந்தவர்கள் இந்தக் கணக்கையும் எண்ணிப் பார்க்கலாம்.

2022 ஆகஸ்ட் 2 அன்று பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிகளின் பெண்கள் நால்வர் பிரிவில் இந்திய அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் பெற்றது. அதற்கு முன் இந்த ஆட்டத்தில் இந்தியா எந்தக் காமன்வெல்த் பதக்கமும் பெற்றதில்லை. லவ்லி சௌபே அப்போது ஜார்க்கண்ட் காவல்துறையில் பணிபுரிந்தவர். நயன்மோனி சைக்கியா அசாம் வனத்துறையில். பிங்கி பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. ரூபா ராணி திர்க்கி மாவட்ட விளையாட்டு அலுவலர். அந்த இறுதியாட்டம் நடந்த லீமிங்டன் ஸ்பாவின் புல்தரைகள் இங்கிலாந்தின் பௌல்ஸ் சங்கத்துக்கே தாயகமாக விளங்கியவை. 1541-இன் பட்டியலில் ஏவலாட்கள் உண்டு, உழைப்பாளிகள் உண்டு. இந்த நால்வரும் சம்பளத்துக்கு உழைப்பவர்கள்.

அடுத்த நாள் நம் செய்தித்தாள்களும் வரலாறு என்றே எழுதின. என்ன எழுதின? முதல் பதக்கம், முதல் தங்கம். மீண்டும் யார் முதல் என்ற கணக்கு. மூத்தது எது என்று கேட்பதற்கும் முதல் எது என்று கேட்பதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் பட்டியலில் ஒரு வரியை நிரப்புகின்றன. இந்த நால்வரும் எந்தப் புல்லில் பழகினார்கள், அதற்கு எவர் பொருள் தந்தார், எத்தனை ஆண்டு பெயரே தெரியாத ஆட்டம் என்று சிரிக்கப்பட்டார்கள் என்பதைக் கேட்பதற்கு ஒரு வாரத்துக்கு மேல் எவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

லூயிஸும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1792-இல் இங்கிலாந்தின் நீதிமன்றம் பெயினை அவர் இல்லாமலே விசாரித்து, அரசுக்கெதிராக எழுதினார் என்று தீர்ப்பளித்தது. ஊருக்கு ஊர் அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். 1809-இல் நியூயார்க்கில் அவர் இறந்தபோது கல்லறைக்கு உடன் நடந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2010-இல் லூயிஸ் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தது. அந்த ஊரின் மதுவாலை அவர் பெயரில் ஒரு பீர் வகையும் காய்ச்சியிருக்கிறது. டிரேக் மாட்டப்பட்ட அதே சுவரில் பெயினும் மாட்டப்பட்டுவிட்டார். எண்ணம் போய்ப் பெயர் தங்குவது என்பது இதுதான்.

அந்த எண்ணம் போன வழியோ வேறு. 'மனிதனின் உரிமைகள்' நூல் பூனாவில் ஜோதிராவ் புலே என்ற இளைஞரின் கைக்குக் கிடைத்தது. தம் சிந்தனையைத் திருப்பிய நூல்களுள் ஒன்றாக அவர் அதைப் போற்றினார். 1873-இல் அவர் எழுதிய 'குலாம்கிரி'யை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். லூயிஸ் புல்தரையிலிருந்து பூனாவுக்கு நேர்கோடு இழுப்பது என் நோக்கம் அன்று. எண்ணங்களும் அந்த உருண்டையைப் போல வளைந்தே செல்கின்றன. ஆனால் ஓர் உள்ளூர்க் கழகத்தின் வரலாற்றை எழுதப் புகுபவர் பின்தொடர வேண்டிய பாதை இது. அந்தப் பாதையில் போகிறவருக்கு நிறுவிய ஆண்டு கடைசி அடிக்குறிப்பாகக்கூடத் தேவைப்படாமல் போகலாம்.

ஆகவே கழக மலர் எழுதும் அன்பர்களிடம், அது எந்த ஊர்க் கழகமானாலும், நான் கேட்பது சிலவே. புல்லை அறுத்தவர் யார், அவருக்குக் கூலி என்ன என்று எழுதுங்கள். உறுப்பினராக விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்களின் பெயர்கள் பழைய கூட்டக் குறிப்பேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் அச்சிடுங்கள். எந்த விதி எந்த ஆண்டில், யார் கேட்டதனால் தளர்ந்தது என்று சொல்லுங்கள். ஆட்டம் முடிந்தபின் அங்கே என்ன பேசினார்கள் என்பது முதியவர் எவருக்கேனும் நினைவிருந்தால், அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோப்பைகளின் பட்டியல் அலமாரியிலேயே இருக்கிறது. அதற்குப் புத்தகம் எதற்கு?